விலை சொல்லும் செய்தி

தண்ணீர் இல்லாவிடில் உயிர் இல்லை. வைரம் இல்லாவிடில் ஒரு குறையும் இல்லை. ஆயினும் வைரத்துக்குள்ள விலையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தண்ணீருக்கு இல்லையே, ஏன்? பொருளாதார சாஸ்திரிகளை நெடுங்காலம் திகைக்க வைத்த இந்தக் கேள்விக்கு, 1871-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துக் கார்ல் மெங்கர் தாம் எழுதிய நூலில் விடை கூறினார். ஆஸ்திரியப் பொருளாதாரம் என்று வழங்கும் கொள்கைக்கு அந்நூலே வித்து.

அவ்விடையை நம் வீட்டு முற்றத்திலேயே காணலாம். ஐந்து குடம் தண்ணீர் இருக்கிறது. ஒன்று குடிக்க, ஒன்று சமைக்க, ஒன்று குளிக்க, ஒன்று பாத்திரம் துலக்க, கடைசிக் குடம் பூச்செடிக்கு. ஒரு குடம் உடைந்தால் எதைக் கைவிடுவோம்? பூச்செடியைத்தான். ஆகவே, ஐந்து குடம் உள்ளவரையில் ஒரு குடத்தின் மதிப்பு அச்செடியின் மதிப்பே. இருப்பது ஒரே குடமானால், அதன் மதிப்பு உயிரின் மதிப்பாகிவிடும். மதிப்பு என்பது வேண்டுவோர் மனத்தையும் அவர்தம் நிலைமையையும் பொறுத்தது என்பதே மெங்கரின் முடிவு.

அவர் வழிவந்த மீஸஸ் 1920-இல் மற்றொரு கேள்வி எழுப்பினார். சுரங்கமும் ஆலையும் ஸர்க்காரின் உடைமையாகி, அவற்றை வாங்குவாரும் விற்பாரும் இல்லாது போனால், விலை ஏது? விலை இல்லாவிடில், பாலத்தை இரும்பால் கட்டுவது சிக்கனமா, கல்லால் கட்டுவது சிக்கனமா என்று கணக்கிடுவது எங்ஙனம்?

1945-இல் ஹயெக் இதை மேலும் விளக்கினார். எங்கோ ஒரு வெள்ளீயச் சுரங்கம் மூடப்பட்டதென்று வைத்துக்கொள்வோம். விலை ஏறுகிறது. காரணம் அறியாமலே, பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் முதல் டப்பா செய்யும் ஆலைக்காரர் வரையில் அனைவரும் அதைச் சிக்கனமாக உபயோகிக்கிறார்கள். தந்தியில்லாமலே செய்தி பரவிவிட்டது!

அச்செய்தி பொய்த்தால் வரும் துன்பத்தை வியன்னாவே அனுபவித்தது. முதல் உலக யுத்தத்துக்குப் பின், ஸர்க்கார் தன் செலவுக்காக நோட்டுகளை அச்சடித்துக்கொண்டே போயிற்று. 1925-இல் ஷில்லிங் என்னும் புது நாணயம் வந்தபோது, ஒரு ஷில்லிங்குக்கு 10,000 பழைய க்ரோன் கொடுக்க வேண்டியதாயிற்று. சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த குடும்பங்களின் சேமிப்பு காற்றாய்ப் பறந்தது.

ஒன்றை நாம் மறத்தலாகாது. கையில் காசில்லாதவனின் பசி விலையில் பதிவதில்லை. அவனுக்கு உதவுதல் சமூகத்தின் கடன். ஆனால், அதற்காக விலையை உத்தரவால் அடக்கி, அதனால் சரக்கு கடையை விட்டு மறைந்தால், முதலில் வெறுங்கையோடு வீடு திரும்புகிறவன் அந்த ஏழையே. உத்தரவு போடுமுன் விலை சொல்வதைச் சற்றுக் காதுகொடுத்துக் கேட்பது நலம் என்பது நமது அபிப்பிராயம்.