சிவப்புச் சொட்டு

பழைய டேப் ரெக்கார்டரைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நாடாவைத் தொடும் ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட ஒரு ஸ்குரூ இருக்கும். அதன் மேல் ஒரு சொட்டு பெயின்ட், சிவப்போ வெள்ளையோ. பாதி ஸ்குரூ தலையில், பாதி தகட்டில். ஏதோ சிந்தியிருக்கிறது என்று நினைத்து ஸ்குரூ டிரைவரை வைத்து ஒரு திருகு திருகுகிறவர்கள் உண்டு. அன்றிலிருந்து பாட்டு போர்வைக்குள்ளிருந்து கேட்கும் :)

காரணம் இதுதான். கேசட்டில் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலைக்கு அதில் கிடைக்கும் இடம் 5 மைக்ரான்கூட இல்லை. தலைமுடியே அதைவிடப் பல மடங்கு தடிமன். ஹெட் இம்மி சாய்ந்தாலும் கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் காணாமல் போகும். ரேடியோவின் ஐ.எஃப். காயில், சர்க்யூட் போர்டில் இருக்கும் ப்ரீசெட் எல்லாம் இதே ரகம்தான். கருவி வைத்துப் பிடித்த அளவைக் குத்துமதிப்பாகத் திரும்பப் பிடிக்க முடியாது.

அந்தச் சொட்டு, அதிர்வில் ஸ்குரூ தானாக நகராமல் பிடித்துக்கொள்கிறது. அதைவிடப் பெரிய வேலை, யாராவது கை வைத்தால் உடைந்து காட்டிக்கொடுப்பது. உடைந்த இரண்டு பாதிகளையும் மறுபடி நேருக்கு நேர் கொண்டுவந்தால் பழைய இடத்துக்குப் பக்கத்திலாவது போய்ச் சேரலாம் (முழுச் சுற்று சுற்றாமல் இருந்தால்!).

இது புரியாமல் சிலர் சூப்பர் க்ளூவையும் எபாக்ஸியையும் ஊற்றுகிறார்கள். அநியாயம். ப்ரீசெட்டுக்குள் க்ளூ கசிந்தால் உள்ளே இருக்கும் கார்பன் தடம் பாழ். எபாக்ஸி இறுகிவிட்டால், நாளாகி அளவு மாறும்போது திருத்த வழியே இல்லை. அமெரிக்காவில் 1953-ல் வெர்னான் கிரீபிள் கண்டுபிடித்த லாக்டைட், காற்றுப் புகாத உலோக மரைக்குள் இறுகும். எஞ்சின் போல்ட்டுக்கு அருமை. சில பிளாஸ்டிக்குகளில் பட்டால் விரிசல் விடும். இந்த இடத்துக்குத் துளி நெயில் பாலிஷ் போதும். காய்ந்தால் பிடிக்கும், அழுத்தித் திருகினால் விடும்.

'ஸ்டிக்கர் கிழிந்தால் வாரன்டி இல்லை' என்பது வேறு சங்கதி. அது அளவைக் காப்பதில்லை, வாங்கியவரைப் பயமுறுத்துகிறது. 2018-ல் அமெரிக்காவின் எஃப்.டி.சி. இதுபோன்ற நிபந்தனைகளுக்காக ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது. பெயின்ட் சொட்டு யாரையும் திறக்காதே என்று சொல்வதில்லை. திருத்துகிறவர் வேலை முடிந்ததும் வேறு நிறத்தில் ஒரு சொட்டு வைத்துவிட்டுப் போகலாம். அடுத்து திறப்பவருக்கு, நடுவில் ஒருவர் வந்து போனது தெரிந்துவிடும்.