இருமுகத் தகடும் சம்பூர் நிலமும்

தைத்திங்கள் முதல்நாளில் ஞாயிற்றுக்குப் பொங்கிப் படைப்பது நம் மரபு. அந்த ஞாயிற்றின் ஒளியையே மின்னாக்கிக் கொள்ளும் காலம் இன்று நம் வாசலுக்கு வந்துள்ளது. கொட்டியாரக் குடாவின் தென்பால் உள்ள சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் அமைக்கும் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. அதன் இடத்தில் ஞாயிற்று மின்நிலையம் அமைக்க இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் என்.டி.பி.சி. நிறுவனமும் 2022 மார்ச்சில் உடன்பட்டன. முதற்கட்டம் 50 மெகாவாட். சம்பூரிலிருந்து கப்பல்துறை வரை 220 கிலோவோல்ட் மின்வழியும் அத்திட்டத்தில் அடங்கும். மொத்தம் 120 மெகாவாட் நிலையத்திற்கு 2025 ஏப்ரல் 5ஆம் நாள் தொடக்கவிழா நிகழ்ந்தது.

இத்தகைய பெருநிலையங்களுக்கு ஒருமுகத் தகடு ஏற்றதா, இருமுகத் தகடு ஏற்றதா? இது பொறியியலாளருக்கு மட்டும் உரிய வினா அன்று. விடையின் பாதி நிலத்தில் உள்ளது.

ஒருமுகத் தகட்டின் முதுகில் பெரும்பாலும் ஒளிபுகாத் தாளே உண்டு. இருமுகத் தகடு பின்புறமும் ஒளியை ஏற்கும். பின்முகத்தின் திறன், வகைக்கேற்ப, முன்முகத்தின் திறனில் 70 முதல் 90 விழுக்காடு எனலாம். ஆயினும், அதன்மீது விழுவது பெரும்பாலும் நிலம் திருப்பியனுப்பும் ஒளியே. புற்றரை தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கையே திருப்பும். வெண்மணல் அதனினும் மிகுதியாகத் திருப்பும். ஆதலின், கூடுதலாகக் கிட்டும் மின் பொதுவாக நூற்றுக்கு ஐந்து முதல் பத்தே. நம் மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு அணித்தாதலின், இங்கே தகடுகள் ஏறக்குறையப் படுக்கையாகவே அமையும். அவற்றைத் தாழ அமைப்பின் தம் நிழலே தமக்குப் பகையாகும். உயர்த்தினால் தாங்கிகளுக்குச் செலவு ஏறும். இரட்டைக் கண்ணாடியின் எடையும் மிகும்.

இவ்வளவு இருந்தும் நாம் இருமுகத்தையே பரிந்துரைப்போம். இருபுறக் கண்ணாடி உவர்க்காற்றையும் மாரிக்கால ஈரத்தையும் நன்கு தாங்கும். விலை வேற்றுமையும் இந்நாளில் பெரிதும் குறைந்துவிட்டது. இவற்றினும் முதன்மையான காரணம் ஒன்றுண்டு. அதே நிலத்தில் மிகுதியான மின் விளையுமாயின், அதே மின்னுக்குக் குறைந்த நிலம் போதும் அன்றோ? 2006இல் போரினால் பெயர்ந்த சம்பூர் மக்கள் பத்தாண்டளவு கழிந்தே தம் மண்ணை மிதித்தனர். அவர்களுக்கு ஒவ்வோர் ஏக்கரும் ஒரு வாழ்வு.

ஆனால் ஒன்று வேண்டுகின்றோம். பின்முகத்திற்குச் சிறிது ஒளி கூட்டுவதற்காகப் புல்லை அழித்து வெண்கல் பரப்புதல் ஆகாது. சில விழுக்காட்டு மின்னுக்காக மேய்ச்சல் நிலத்தை இழப்பது நட்டமேயாம். தகடுகளை உயர்த்தி நிறுவுக; கீழே புல்லும் பயிரும் வாழட்டும்.

நம் கல்லூரி மாணவர் இரண்டு ஒளிமானிகளைக் கொண்டு, ஒன்றை வானோக்கியும் மற்றொன்றை நிலநோக்கியும் நிறுத்தி, கச்சான் வீசும் கோடையிலும் மாரியிலும் அளந்து பார்க்கலாம். இம்மண் எவ்வளவு ஒளியைத் திருப்பித் தருகின்றது என்பதை இவ்வூர்ப் பிள்ளைகளே சொல்வாராயின், அதனினும் சிறந்த விழாக் காணிக்கை வேறில்லை.