வீடு கட்டும் வித்தை யாருக்குச் சொந்தம்?

மாளிகைக்குக் கல் சுமக்கிறவன் குடிசையில் கிடக்கிறான். சூளையில் வேகிறவன் வீட்டில் செங்கல் சுவர் இல்லை. ஏன் என்று கேட்டால், "வீட்டுக்குப் பிளான் போடுவது படித்தவர்கள் விவகாரம், பணம் படைத்தவர்கள் விவகாரம்" என்கிறார்கள் கனவான்கள். பச்சைப் பொய் என்கிறோம் நாம். அதற்குச் சாட்சி அண்டை ராஜ்யமான கேரளத்தில் இருக்கிறது.

1985-ல் திருச்சூரில் 'காஸ்ட்ஃபோர்டு' என்ற லாப நோக்கமற்ற ஸ்தாபனம் உருவாயிற்று. உருவாக்கியவர்களில் ஒருவர், கேரள முதலமைச்சராக இருந்த கம்யூனிஸ்டுத் தலைவர் தோழர் சி. அச்சுத மேனன். பொருளாதார நிபுணர் கே. என். ராஜும், இங்கிலாந்தில் பிறந்து இந்தியாவையே தாயகமாக்கிக்கொண்ட கட்டிட நிபுணர் லாரி பேக்கரும் அவருடன் நின்றார்கள்.

அவர்கள் கற்பித்தது என்ன? செங்கல்லைப் படுக்கப் போடாமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே சந்து விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு'. செங்கல்லில் சுமார் 25 சதவீதம் மிச்சம்; சந்தில் அடைபட்ட காற்று வெக்கையைத் தடுக்கிறது. கான்கிரீட் கூரையின் அடிப்பாகத்தில் பழைய ஓடுகளைப் பதித்தால் சிமெண்ட் மிச்சம், பாரமும் குறைவு. இவற்றையெல்லாம் பேக்கர் தம் கையாலேயே படம் போட்டு, சிறு பிரசுரங்களாக எழுதினார். 2007-ல் அவர் மறைந்தார். திருவனந்தபுரத்தை அடுத்த விளப்பில்சாலையில் அவர் பெயரால் அமைந்த மையத்தில் இன்று பயிற்சி நடக்கிறது.

இந்த வித்தை ஊரெங்கும் பரவாதது ஏன்? கட்டிடச் செலவில் நூற்றுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவது பிளான் போடுகிறவர்களின் வழக்கம். செலவு ஏறினால் வரும்படியும் ஏறும். பிறகு சிக்கனத்தைப் போதிக்க அவர்களுக்கென்ன பைத்தியமா?

"ஏழைக்கு ஏற்ற மட்டமான வீடு" என்று ஏளனம் செய்கிறார்கள். திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தையும் பேக்கர்தான் கட்டினார், பூச்சில்லாத செங்கல்லால். மட்டமென்றால் பேராசிரியர்கள் அங்கே உட்கார்ந்து பாடம் நடத்துவார்களா?

இன்னொரு கூட்டம் தந்திரமாகப் பேசுகிறது: "தர்ம ஸ்தாபனங்கள் பார்த்துக்கொள்ளும், சர்க்காருக்கு ஏன் இந்த வேலை?" தோழர்களே, ஏமாறக் கூடாது! மனை இல்லாதவனுக்கு மனையடி சாஸ்திரம் எதற்கு? கேரளத்தில் 1970-ல் அமலான நிலச் சீர்திருத்தச் சட்டம் கிராமத்துக் குடிசைவாசிக்கு 10 சென்ட் வரை குடியிருப்பு மனை பெற உரிமை தந்தது. போராடிப் பெற்ற உரிமை அது. 1972-ல் அச்சுத மேனன் சர்க்கார் 'லட்சம் வீடு' திட்டத்தைத் தொடங்கியது. காஸ்ட்ஃபோர்டு வந்தது அதற்கும் பிறகுதான். முதலில் மண், பிறகு சர்க்காரின் பணம், அதோடு வித்தை. மூன்றும் சேர்ந்தால்தான் வீடு.

ஆகவே நாம் கோருகிறோம்: சர்க்கார் தொழிற்கல்விக் கூடங்கள் ஒவ்வொன்றிலும் இந்தச் சிக்கன முறையைப் பாடமாக்கு! கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் பயிற்சி நாட்களில் முழுக் கூலி கொடு! நிலமற்றவனுக்கு மனை கொடு!

கட்டுகிற கைக்கே வித்தை சொந்தம்; கட்டிய வீடும் சொந்தமாக வேண்டும்!