அடைக்கோழியை விரட்டாதீங்க... உங்க வீட்டுக் குஞ்சுப் பண்ணையே அதுதான்!

திண்டுக்கல்லில் இருந்து திருச்சி போற சாலையில் வடமதுரையைத் தாண்டினால் அய்யலூர். வியாழக்கிழமை விடிகாலையில் அந்தச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும், நாட்டுக்கோழிக்கு இருக்கும் மவுசு! தீபாவளி, பொங்கல் நெருங்கினால் கேட்கவே வேண்டாம். காலைக் கட்டிய கோழிகளோடு வந்தவர்கள் கொஞ்ச நேரத்திலேயே வெறுங்கையோடு திரும்புவார்கள். தேவை இருக்கு, விலையும் இருக்கு. ஆனால், கொல்லைப்புறத்தில் கோழியை அடை வைத்துக் குஞ்சு எடுக்கும் பழக்கம்தான் வீட்டுக்கு வீடு குறைந்துகொண்டே வருது.

இது ஏதோ பழைய நினைவுகளைப் பேசும் விஷயம் இல்லை. ஒரு வீட்டுக் கோழிக்கூட்டம் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளுமா, இல்லை ஒவ்வொரு முறையும் வெளியில் இருந்து குஞ்சு வாங்கணுமா என்கிற வரவு செலவுக் கேள்வி.

கணக்கெடுப்பு சொல்வது என்ன?

2019-ல் நடந்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் இருந்த கோழியினங்கள் சுமார் 85 கோடி. அதில் கொல்லைப்புறக் கோழிகள் மட்டும் கிட்டத்தட்ட 31.7 கோடி. முந்தைய கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் பண்ணைக்கோழிகள் 4.5 சதவிகிதம்தான் கூடியிருந்தன. கொல்லைப்புறக் கோழிகளோ சுமார் 46 சதவிகிதம்! எண்ணிக்கையில் முதலிடம் நம்ம தமிழ்நாட்டுக்குத்தான்.

அரசும் இதைக் கவனிக்காமல் இல்லை. ஒன்றியத்துக்கு 100 பெண்கள், ஆளுக்கு நான்கு வார வயதுள்ள 40 நாட்டினக் குஞ்சுகள், பாதி விலை மானியம் என்று அண்மை ஆண்டுகளில் தமிழக அரசு திட்டம் போட்டது. திண்டுக்கல் மாவட்டத்தில் 14 ஒன்றியங்கள். கணக்குப் போட்டால் 1,400 பெண்கள், 56,000 குஞ்சுகள். நல்ல விஷயம்தான். ஆனால், அந்த 40 குஞ்சுகள் வளர்ந்து, விற்று, தின்று தீர்ந்த பிறகு? அடுத்த 40 எங்கே இருந்து வரும்?

இங்கேதான் இனம் முக்கியமாகிறது. வனராஜா, கிராமப்பிரியா போன்ற மேம்படுத்தப்பட்ட இனங்கள் நாட்டுக்கோழியைவிட அதிகம் முட்டையிடும். வனராஜா வருஷத்துக்கு நூறு முட்டைக்குக் குறையாமல் இடும். கிராமப்பிரியா அதையும் தாண்டும். நம்ம சிறுவிடைக் கோழி அந்தக் கணக்கில் பின்னால்தான் நிற்கும். ஆனால், அந்த இனங்கள் அடையில் உட்காருவது அபூர்வம். காரணம் எளிது. அடைக்கு உட்கார்ந்த கோழி முட்டையிடாது. அதனால், அதிக முட்டைக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்வு செய்யும்போது அடை காக்கும் குணம் கழிந்துபோகிறது. லெக்ஹார்ன் பண்ணைக்கோழியில் அது அனேகமாக இல்லவே இல்லை.

கோழி ஏன் 'கேறுது'?

பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு முடித்ததும் நாட்டுக்கோழியின் உடம்பில் புரோலாக்டின் என்கிற ஹார்மோன் கூடும். கூடையை விட்டு எழாது. கிட்டப் போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கேறும், கொத்தும். நெஞ்சுப் பக்கத்து இறகு உதிர்ந்து, சூடான தோல் நேராக முட்டையில் படும். தீனிக்கும் தண்ணிக்கும் நாளைக்கு ஒரு தடவை இறங்கினாலே அதிகம்.

இந்த நேரத்தில் முட்டை வருமானம் நின்றுபோச்சே என்று கோழியைத் தண்ணீரில் முக்குவதும், மூக்கில் இறகைக் குத்திவிடுவதும் ஊர்ப் பக்கம் இன்னும் நடக்கிறது. அது வெறும் வதை. அடை தெளியத்தான் வேண்டும் என்றால், வெளிச்சமும் காற்றும் உள்ள கம்பிக்கூண்டில் தீனி, தண்ணீரோடு மூன்று நான்கு நாள் விட்டாலே போதும்.

லாபமா, நஷ்டமா?

ஒரு பேச்சுக்குக் கணக்குப் பார்ப்போம். நாட்டுக்கோழி முட்டை 12 ரூபாய், ஒரு மாதக் குஞ்சு 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 12 முட்டையை விற்றால் 144 ரூபாய். அடை வைத்தால் கோழி கிட்டத்தட்ட இரண்டு மாதம் முட்டையிடாது. அதில் இன்னொரு 12 முட்டை போச்சு. ஆக, அடை வைப்பதற்கு நாம் கொடுக்கும் விலை 288 ரூபாய்.

இப்போது வரவு. 12-ல் ஒன்பது பொரித்து, ஆறு பிழைத்தால் 480 ரூபாய். கையில் லாபம். மூன்றுதான் பிழைத்தது என்றால் 240 ரூபாய். முட்டையாகவே விற்றிருக்கலாம்!

பார்த்தீங்களா... லாப நஷ்டத்தைத் தீர்மானிப்பது பொரித்த எண்ணிக்கை இல்லை, பிழைத்த எண்ணிக்கை. அடை வைப்பதைப் பலரும் கைவிட்டதற்குக் காரணம் கோழி இல்லை. பருந்தும், காக்காயும், கீரியும், வெள்ளைக்கழிச்சலும்தான்.

இன்குபேட்டர் இருக்கே?

இருக்கு. சின்ன மெஷின்கள் இப்போது ஆன்லைனிலேயே கிடைக்கின்றன. ஆனால், 21 நாளும் 37.5 டிகிரி சூடு மாறக் கூடாது, ஈரப்பதம் குறையக் கூடாது. இடையில் கரன்ட் நீண்ட நேரம் போனால் சிக்கல். அதைத் தாண்டிப் பொரித்தாலும், மூன்று நான்கு வாரம் பல்பு போட்டுச் சூடு கொடுக்க வேண்டும். தாய்க்கோழி இரண்டு வேலையையும் ஒரு பைசா கரன்ட் இல்லாமல் செய்யும். முட்டையைப் புரட்டும், கரையானையும் புழுவையும் கிளறிக்காட்டும், பருந்து நிழல் விழுந்தால் ஒரு குரல்தான், அத்தனை குஞ்சும் இறக்கைக்குள்.

நூற்றுக்கணக்கில் வளர்ப்பவர்களுக்கு மெஷின் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஐந்து பத்து கோழி வைத்திருக்கும் வீட்டுக்கு அடைக்கோழிதான் சரி.

அடை வைக்கும்போது கவனிக்க...

* சிறுவிடைதான் நல்ல தாய். 'கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா' என்பார்கள். ஆனால், கனமான பெருவிடைக் கோழியின் உடம்பு அழுத்தி முட்டை உடைவது உண்டு.

* இட்டு ஒரு வாரத்துக்குள் உள்ள முட்டைதான் நல்லது. அகன்ற பக்கம் மேலே இருக்கும்படி, ஈர மணல் மேல் வைத்த பானையில் சேமிக்கலாம். திண்டுக்கல் சித்திரை வெயிலில் வெளியே வைத்த முட்டை பெரும்பாலும் கூமுட்டைதான்.

* கூடையில் மணல், அதன் மேல் வைக்கோல். இருட்டான, நடமாட்டம் இல்லாத மூலை. பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் வேண்டாம்.

* ஏழெட்டு நாளில் ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள். நரம்பு ஓடியிருந்தால் கரு இருக்கு. தெளிவாக இருந்தால் எடுத்துவிடலாம்.

* இரண்டு மூன்று கோழிகளை ஒரே நாளில் அடை வையுங்கள். பொரித்ததும் ராத்திரியில் குஞ்சுகளை ஒரு தாயிடம் சேர்த்துவிட்டால், மற்ற கோழிகள் சீக்கிரம் முட்டைக்குத் திரும்பும்.

* முதல் சில வாரம் பஞ்சாரத்துக்குள் தாயும் குஞ்சும். பருந்து தொல்லைக்கு இதைவிட மலிவான பதில் இல்லை.

* அதே சேவலை வருஷக்கணக்கில் வைத்திருக்காதீர்கள். வேற ஊர்ச் சேவலோடு மாற்றிக்கொண்டால் ரத்தக்கலப்புப் பிரச்னை வராது.

அரசு யோசிக்க வேண்டியது

வெள்ளைக்கழிச்சலுக்கு ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறை இரண்டு வாரம் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. ஆனால், வீட்டுக்கோழி பிப்ரவரியைப் பார்த்தா அடைக்கு உட்காருது? பங்குனியில் பொரித்த குஞ்சுக்கு முதல் வாரத்திலேயே சொட்டு மருந்து வேண்டும், எட்டாவது வாரத்தில் ஊசி வேண்டும். அடுத்த முகாம் வரும்வரை பத்து மாதம் அது காத்திருக்காது. தனியாக வாங்கலாம் என்றால், ஒரு குப்பி மருந்து நூறு கோழிக்கு மேல் வரும், குளிர்ச்சியிலேயே வைக்கணும், கலக்கினால் கொஞ்ச நேரத்துக்குள் போட்டு முடிக்கணும். பத்துக் குஞ்சு வைத்திருக்கும் வீட்டுக்கு இது கட்டுப்படியாகுமா?

மாதத்தில் ஒரு நாள், கிராமத்துக்கு ஓர் இடம் என்று மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வழியாக மருந்து வந்தால், பிழைக்கும் குஞ்சு மூன்றில் இருந்து ஆறாகும். நாற்பது குஞ்சுக்குப் பதிலாக நாலு சிறுவிடை, ஒரு சேவல், இரண்டு பஞ்சாரம், ராத்திரிக்கு ஒரு நல்ல கூண்டு என்று கொடுத்துப் பார்க்கலாம். திண்டுக்கல்லிலேயே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கு. காந்திகிராமத்தில் வேளாண் அறிவியல் மையம் இருக்கு. சோதனை முயற்சியாகச் சில கிராமங்களில் தொடங்க இதைவிடத் தோதான மாவட்டம் எது?

மானியக் குஞ்சு ஒரு தடவை வரும். அடைக்கோழி வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை தானாகவே உட்காரும். அடுத்த முறை உங்க வீட்டுக் கோழி கேறினால், தண்ணி வாளியைத் தேடாமல் கூடையைத் தேடுங்கள். மூணு வாரம் பொறுத்தால் போதும்... கொல்லையெல்லாம் கீச்சுக் கீச்சுதான்!