ஆள் வீட்டில், சாவி திருடன் கையில்! ஒரே பாஸ்வேர்டால் 44 லட்சம் டாலர் அம்போ
பெரிய மார்க்கெட் வியாபாரிகளே, உஷார்!

புதுச்சேரி,—

புதுவை பெரிய மார்க்கெட்டில் கடை ஷட்டரைப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வியாபாரி வீட்டுக்குப் போவார். ஆனால் பில், ஜி.எஸ்.டி., பேங்க் கணக்கு எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில். கணக்கு எழுதுபவரோ வீட்டில் இருந்தே அதைத் திறக்கிறார். அந்தப் பூட்டை இழுத்துப் பார்ப்பது யார்?

சுரங்கப் பாதை

2020 ஊரடங்கில் ஆபீஸ் வீட்டுக்குப் போனது. வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவே "வி.பி.என்." என்ற ரகசியச் சுரங்கம் போட்டார்கள். சுரங்கம் பலமானதுதான். சாவி திருடனிடம் சிக்கினால் அவனுக்கும் அதே ராஜபாட்டை!

அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் கம்பெனியில் 2021 ஏப்ரலில் நடந்தது இதுதான். யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய வி.பி.என். கணக்கு. பாஸ்வேர்டு மட்டும் போட்டால் திறக்கும். போனுக்கு வரும் இரண்டாவது சோதனை கிடையாது. கும்பல் சத்தமில்லாமல் உள்ளே புகுந்தது. மே 7-ந் தேதி மிரட்டல் வந்தது. சுமார் 8,850 கி.மீ. எண்ணெய்க் குழாயை நிறுத்தினார்கள். பெட்ரோல் பங்குகளில் நீண்ட கியூ. கம்பெனி கொடுத்த பணம் 44 லட்சம் டாலர்! ஒரு பகுதி மட்டும் பிறகு மீட்கப்பட்டது.

ஒவ்வொரு கடைக்கும் பூட்டு

பழைய முறையில் மார்க்கெட் வாசலில் மட்டும் காவல். உள்ளே வந்துவிட்டவன் எந்தக் கடையிலும் கை வைக்கலாம். புது முறையில் ஒவ்வொரு கடைக்கும் தனிப் பூட்டு. நீ யார்? உன் கம்ப்யூட்டர் சுத்தமா? எந்தக் கடைக்குப் போகணும்? ஒவ்வொரு தடவையும் விசாரணை. மீன் வாங்க வந்தவனுக்கு நகைக்கடை கண்ணிலேயே படாது.

இந்தச் சோதனைச் சாவடி ஆபீசில் இல்லை. இன்டர்நெட் வழியாக நடக்கும் "கிளவுட்" கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஊழியர் முத்தியால்பேட்டையில் இருந்தாலும் பாரீசில் இருந்தாலும் ஒரே வாசல்தான்.

இதிலும் ஓட்டை

2024-ல் ஸ்னோபிளேக் என்ற கிளவுட் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குகள் சூறையாடப்பட்டன. சுமார் 165 நிறுவனங்களுக்கு எச்சரிக்கை போனது. வைரஸ் திருடிய பாஸ்வேர்டுகளே காரணம். அதில் சில, ஒப்பந்த ஊழியர்கள் விளையாட்டுக்கும் திருட்டு சாப்ட்வேருக்கும் பயன்படுத்திய கம்ப்யூட்டர்களில் இருந்து போனவை.

அதே ஆண்டு ஜூலை 19-ல் திருடனே இல்லாமல் ஒரு கூத்து. பாதுகாப்புக் கம்பெனியான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய கோளாறான அப்டேட்டால் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்தன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாசைக் கையால் எழுதினார்கள். காவலாளியே மயங்கி விழுந்த கதை!

"எங்கிட்ட என்ன இருக்கு?"

சின்ன வியாபாரி இப்படிக் கேட்கலாம். 2024 ஜூலை கடைசியில், சிறு வங்கிகளுக்கு கம்ப்யூட்டர் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனம் தாக்கப்பட்டது. பாதுகாப்புக்காக இணைப்பு துண்டிக்கப்பட்டதில் சுமார் 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் நின்றது. அடி ஒருவருக்கு, வலி ஊருக்கே.

பெரிய செலவு வேண்டாம். இரண்டாவது சோதனையைப் போடுங்கள். பிள்ளைகள் விளையாடும் கம்ப்யூட்டரில் கடைக் கணக்கைத் திறக்காதீர்கள். கணக்குக்குத் தனி நகல் வையுங்கள். பணம் போனால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

வேலையை விட்டுப் போகிறவரிடம் கடைச் சாவியை மறக்காமல் வாங்கும் முதலாளி, அவர் பாஸ்வேர்டையும் அன்றைக்கே ரத்து செய்ய வேண்டும். பயன்படாத கணக்கை மூடாமல் விட்டதில்தான் கலோனியல் கம்பெனி கோட்டை விட்டது.