மாடி வீட்டைப் பார்த்தோம், கணக்கைப் பார்த்தோமா?

நமது சங்க அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மகனுக்கு வெளிநாட்டில் வேலை சரிவந்திருக்கிறது. ஐந்து லட்சம் கேட்கிறார்கள். நகையை அடகு வைத்து, மிச்சத்தை வட்டிக்கு எடுத்து அனுப்பலாமா?"

போகாதே என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. தோட்டத்தில் கிடைக்கும் நாட்சம்பளத்தை வைத்துக்கொண்டு ஒரு இளைஞனை மறித்து நிறுத்த யாராலும் முடியாது. ஆனால் போவதற்கு முன் கணக்குப் பார் என்று சொல்லும் கடமை நமக்கு உண்டு. அந்தக் கணக்கைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதுகிறோம்.

கேட்க வருகிறவர்களில் பலர் யாழ்ப்பாணத்தைக் காட்டித்தான் பேசுகிறார்கள். நமது தோட்டப் பிள்ளைகள் யாழ்ப்பாண நகரத்துக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலை செய்கிறார்கள். தீபாவளிக்கு வரும்போது அங்குள்ள மாடி வீடுகளையும், மதிலுக்கு டைல்ஸ் பதித்திருப்பதையும், வெளிநாட்டுக் காசில் எழும்பிய கோயில் கோபுரங்களையும் சொல்கிறார்கள். "அவர்கள் போய் உழைத்துத்தானே இப்படி வந்தார்கள், நாம் ஏன் போகக் கூடாது?" என்று வீட்டில் பேச்சு எழுகிறது. நியாயமான கேள்விதான். அப்படியானால் யாழ்ப்பாணத்தின் கணக்கை முழுதாகப் பார்ப்போம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டார் வெளிநாட்டுக்குப் போவது நேற்றுத் தொடங்கியதல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கு அமெரிக்க மிசனரிமார் வந்து பள்ளிக்கூடங்கள் திறந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கே ஒரு செமினரி அமைந்தது. ஆங்கிலம் படித்த பிள்ளைகளுக்கு ஊரில் போதிய வேலை இல்லை. அந்த நூற்றாண்டின் கடைசியில் மலாயாவில் வெள்ளைக்காரன் ரயில் பாதை போட்டு, கந்தோர்கள் திறந்தபோது, எழுதுவினைஞர்களாகவும் ஸ்டேசன் மாஸ்டர்களாகவும் யாழ்ப்பாணத்தார் கப்பலேறினார்கள். மாதாமாதம் மணியோடர் வந்தது. கல்வீடுகள் எழும்பின, கிணறுகள் வெட்டப்பட்டன, சீதனம் கொடுக்கப்பட்டது. 'மலாயன் பென்சனியர்' என்றால் ஊரில் தனி மரியாதை.

அதே காலத்தில் அதே மலாயாவுக்கு இன்னொரு கூட்டமும் போனது. தமிழ்நாட்டிலிருந்து ரப்பர் தோட்டத்துக்குப் போன நம்மைப் போன்றவர்கள். ஒரே நாடு, ஒரே மொழி பேசும் மக்கள். ஒருவர் படிப்போடு போய்ப் பென்சனோடு திரும்பினார். மற்றவர் கடனோடு போய், கடனோடு லயத்தில் கிடந்தார். வெளிநாடு எல்லோருக்கும் ஒரே வெளிநாடு அல்ல என்பது இதிலிருந்து நாம் எடுக்க வேண்டிய முதல் பாடம்.

இரண்டாவது பாடம், மணியோடரும் ஒரு நாள் நிற்கும் என்பது. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது மலாயாவில் ஆட்குறைப்பு நடந்தது. 1942இல் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததும் தபாலும் பணமும் அடியோடு நின்றன. மணியோடரை மட்டும் நம்பியிருந்த வீடுகள் தவித்தன. தோட்டம் துரவு வைத்துக்கொண்டிருந்தவர்கள் புகையிலையும் வெங்காயமும் வைத்துத் தாக்குப்பிடித்தார்கள்.

1983க்குப் பிறகு போனவர்களின் கதை வேறு. அவர்கள் உயிரைக் காப்பாற்றப் போனவர்கள். சுவிஸ், பிரான்ஸ், லண்டன், கனடா என்று சிதறினார்கள். காணியை விற்று, நகையை அடகு வைத்து ஏஜென்சிக்குக் கொடுத்துத்தான் போனார்கள்.

கடந்த ஆண்டு சங்க வேலையாக யாழ்ப்பாணம் போயிருந்தபோது, வலிகாமத்தில் அப்படி ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கினோம். மாடி வீடு. உள்ளே இருப்பது ஒரு வயதான அம்மா மட்டும். மேல்மாடி பூட்டிக் கிடக்கிறது. மகன் சுவிசில். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நமது பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்த அம்மா எழுந்து போய்ப் பழைய சிஎம்ஆர் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். மகன் அனுப்பிய ஒவ்வொரு காசும் திகதியோடு எழுதப்பட்டிருந்தது. எதிர்ப்பக்கத்தில் செலவு: வட்டி, தங்கச்சியின் கல்யாணம், அப்பாவின் ஒப்பரேசன், வட்டி, மீண்டும் வட்டி. ஏஜென்சிக்கு வாங்கிய கடன் முடிய ஏழு வருடம் ஆகியிருந்தது.

"தம்பி, அங்க உழைக்கிற காசை இஞ்சத்தைய காசில எண்ணக் கூடாது" என்றார் அவர். "அவன் சம்பளத்தைச் சொன்னா உங்களுக்குத் தலை சுத்தும். வாடகையைச் சொன்னா இன்னும் சுத்தும்."

அந்த அம்மா சொன்னது உண்மை. சுவிசில் மருத்துவக் காப்புறுதி கட்டாயம். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும், கைக்குழந்தைக்கும் சேர்த்து, மாதாமாதம் கட்ட வேண்டும். லண்டனில் வாடகைக்கு மேல் உள்ளூராட்சி வரி. கனடாவில் குளிர் உடுப்பும் ஹீட்டரும் ஆடம்பரம் அல்ல, உயிர் பிழைக்கும் செலவு. பகலில் சமையலறையில் கோப்பை கழுவி, இரவில் கந்தோர் துடைத்து, இரண்டு வேலை செய்துதான் பலர் ஊருக்கு அனுப்புகிறார்கள். நமது பிள்ளைகள் பார்த்துவிட்டு வருவது மாடி வீட்டை. பூட்டிய மேல்மாடியும் அந்தக் கொப்பியும் அவர்கள் கண்ணில் படுவதில்லை.

இனி நமது கணக்குக்கு வருவோம். நமது பிள்ளைகள் போவது சுவிசுக்கு அல்ல, பெரும்பாலும் வளைகுடா நாடுகளுக்கு. கட்டாரை எடுத்துக்கொள்வோம். அங்கு 2021 மார்ச் முதல் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் மாதம் 1000 ரியால். தங்குமிடமும் சாப்பாடும் முதலாளி கொடுக்காவிட்டால் அதற்கு மேல் 500 ரியாலும் 300 ரியாலும் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு டொலருக்கு 3.64 ரியால். ஒரு டொலரை 300 ரூபாய் என்று வைத்தால், 1000 ரியால் ஏறத்தாழ 82,000 ரூபாய். கேட்டதும் மனம் குளிரும் தொகைதான்.

இங்கே 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1350 ரூபாய் நாட்சம்பளத்தில் 25 நாள் முழுப்பேர் விழுந்தால் 33,750 ரூபாய். சேமலாப நிதிக்கு 8 வீதம் பிடித்தால் கையில் 31,050. மற்றப் பிடிப்புகளை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

82,000 எங்கே, 31,000 எங்கே என்று தோன்றும். பொறுங்கள். தங்குமிடமும் சாப்பாடும் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். போன் ரீசார்ஜ், சவர்க்காரம், உடுப்பு, மருந்து, பணம் அனுப்பும் கூலி எல்லாவற்றுக்கும் 150 ரியால் வையுங்கள். திடீரென்று வேலை போனாலோ, வீட்டில் சாவு விழுந்தாலோ டிக்கெட் எடுக்க மாதம் 100 ரியால் அங்கேயே ஒதுக்க வேண்டும். மிச்சம் 750 ரியால். நமது காசில் ஏறத்தாழ 61,800 ரூபாய்.

அதில் முதல் செலவு கடன். ஐந்து லட்சத்தை நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு எடுத்தால் முதல் மாத வட்டி மட்டும் 10,000. மாதம் 25,000 தவறாமல் கட்டினாலும் கடன் முடிய 26 மாதம் ஆகும். கட்டி முடிக்கும்போது ஆறு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல் போயிருக்கும். ஒப்பந்தம் இரண்டு வருடம், அதாவது 24 மாதம் என்றால், ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் நாளிலும் கடன் முடிந்திருக்காது.

இரண்டாவது செலவை நம்மில் யாரும் நினைப்பதில்லை. தோட்டத்தில் நமது 8 வீதத்தோடு முதலாளி சேமலாப நிதிக்கு 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் போடுகிறார். மேலே சொன்ன சம்பளத்துக்கு இது எல்லாம் சேர்ந்து மாதம் 7,750 ரூபாய்க்கு மேல். வெளிநாட்டுக்குப் போன மாதத்திலிருந்து இது நின்றுவிடும். முதுமைக்கு அந்தத் தொகையை நாமே எடுத்து வைக்க வேண்டும்.

61,800இல் கடனுக்கு 25,000, முதுமைக்கு 7,750 போனால், வீட்டுக்கு வருவது 29,050 ரூபாய். தோட்டத்தில் இருந்திருந்தால் கையில் வந்திருக்கக்கூடிய தொகையை விட 2,000 ரூபாய் குறைவு!

எதிர்க்கணக்கையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் எல்லா மாதமும் 25 பேர் விழுவதில்லை. கிலோ குறைந்தால் அரைப்பேர் போடுகிறார்கள். பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் வீட்டில் ஒரு சாப்பாடு மிச்சம். கடன் முடிந்தபின் மாதம் 54,000 வரை வீட்டுக்கு வரும். கட்டார் சட்டப்படி ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, வருடத்துக்கு மூன்று வாரச் சம்பளமாவது சேவைக்கால முடிவுப் பணமாகக் கிடைக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்க வேண்டும். எனவே வெளிநாடு நட்டம் என்று நாம் சொல்லவில்லை. கடனோடு போகும் வெளிநாடு, முதல் இரண்டு வருடத்துக்கு வட்டிக்காரனுக்காக உழைக்கும் வெளிநாடு என்றுதான் சொல்கிறோம். லாபமா நட்டமா என்பது ரியாலில் முடிவாவதில்லை. புறப்படும் முன் வாங்கும் கடனில் முடிவாகிறது.

இது நமக்குப் புதிய கதையா? நமது பூட்டன் பூட்டிமார் இந்த நாட்டுக்கு வந்ததே இப்படித்தான். கங்காணி கையில் முற்பணம் வைத்தான். கப்பல் செலவும் வழிச் சாப்பாடும் அவர்கள் தலையில் கடனாக எழுதப்பட்டன. கடன் தீராமல் ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் போக முடியாது. கடனைச் சொல்லும் அந்தச் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. இன்று வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகும் நமது சகோதரிகளிடம் சில தரகர்கள் பணம் கேட்பதில்லை; மாறாக, கையில் முற்பணம் கொடுக்கிறார்கள். சும்மா கிடைத்த காசு என்று குடும்பம் மகிழ்கிறது. அங்கே போய் அடியும் பட்டினியும் தாங்காமல் திரும்ப நினைத்தால், அந்த முற்பணத்தைக் கட்டு என்கிறார்கள். பெயர்தான் மாறியிருக்கிறது, துண்டு அதே துண்டுதான்.

யாழ்ப்பாணத்தாருக்கும் நமக்கும் உள்ள பெரிய வித்தியாசத்தையும் மறக்கக் கூடாது. அவர்களில் பலருக்கு விற்கவும் அடகு வைக்கவும் காணி இருந்தது. போன காரியம் கெட்டாலும் திரும்பிவர ஒரு வளவு இருந்தது. நாம் குடியிருக்கும் காம்பரா நமது பெயரில் இல்லை. செக்ரோலிலிருந்து பேர் வெட்டப்பட்டவன் திரும்பி வந்தால் மீண்டும் வேலை கிடைக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. விழுந்தால் தாங்க நமக்குக் கீழே எதுவும் இல்லை. அதனால் அவர்களை விட இருமடங்கு கவனமாகக் கணக்குப் பார்க்க வேண்டியவர்கள் நாம்.

போகிறவர்களுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் நாம் சொல்வது இதுதான். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் விமானம் ஏறாதீர்கள். ஒப்பந்தத்தைப் புரியும் மொழியில் படித்துக்காட்டச் சொல்லுங்கள். படிக்க ஆள் இல்லாவிட்டால் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். உண்டியலில் இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கலாம். ஆனால் நாளை சம்பளப் பிணக்கு வந்தால், அனுப்பியதற்கு வங்கிச் சிட்டைதான் சாட்சி. வீட்டில் ஒரு கொப்பி போடுங்கள், வலிகாமத்து அம்மா போட்டதைப் போல. வந்த காசை ஒரு பக்கம், போன காசை மறுபக்கம் எழுதுங்கள். மாதத்தில் ஒரு நாள் போனில் அதைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள். அங்கே பட்டினி கிடந்து அனுப்புகிறவனுக்கு, இங்கே அந்தக் காசு என்னவானது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. முதல் மாதக் காசில் டிவி வாங்காதீர்கள், கடனைக் கட்டுங்கள்.

சங்கத்துக்கும் வேலை இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போனவர் சந்தா நின்றதோடு நமது ஆள் இல்லை என்றாகிவிடுவதில்லை. ஒப்பந்த காலம் முடிந்து திரும்புகிறவருக்குப் பேர் பதிவும் குடியிருப்பும் மறுக்கப்படக் கூடாது என்பதை நிர்வாகங்களோடு பேசும் மேசையில் நாம் வைக்க வேண்டும். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலும், புறப்படும் குடும்பத்தோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுக்காட்ட ஒருவர் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உழைக்கும் இடத்திலேயே வாழப் போதுமான சம்பளத்துக்கான போராட்டம் தொடர வேண்டும். அந்தச் சம்பளம் இங்கே கிடைத்தால், வெளிநாடு போவது நமது பிள்ளைகளின் விருப்பமாக இருக்கும், கட்டாயமாக இருக்காது.

அடுத்த முறை நகையைத் துணியில் முடிந்துகொண்டு அடகுக் கடைக்குப் போகும் முன், ஒரு பேனாவும் கொப்பியும் எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். ஒரு மணி நேரம் சேர்ந்து கணக்குப் பார்ப்போம். கணக்குச் சரிவந்தால் நாமே வாழ்த்தி வழியனுப்புவோம்.