கட்டுமரத்துக்கு ஏசி ரூமு!

கோயமுத்தூர்க்காரனுக்கும் கடலுக்கும் என்னய்யா சம்பந்தம்னு நீங்க கேக்கறதுக்குள்ள நானே சொல்லிடறேன். ஒண்ணுமில்லீங்க. எங்களுக்குத் தண்ணின்னா சிறுவாணி, படகுன்னா பவானிசாகர் பக்கம் பார்த்த பரிசல். இருந்தாலும் போன வாரம் ஃப்ளோரிடாவுல இருக்கற மாப்ளை ஒரு வீடியோ அனுப்பி, "மாமா, நம்ம கட்டுமரம் எங்க வந்து நிக்குது பாருங்க"ன்னு எழுதியிருந்தாரு. அதுல வந்த ரோசனைதான் இந்தப் பதிவு.

பார்த்தேன். பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கற 'கேட்டமரான்' படகு. ரெண்டு உடல், நடுவுல சுரங்கம் மாதிரி இடைவெளி, மேல அகலமான தளம். பெரிய மீனோட மல்லுக்கட்ட ஒரு சுழல் நாற்காலி, தூண்டில் கம்பு சொருக வரிசையா குழாய், மீன் இருக்கற இடத்தைத் திரையில காட்டற எதிரொலிக் கருவி, ஐஸ் பெட்டி, ஏசி ரூமு, அடுப்படி. இரை மீனை உயிரோட வெச்சிருக்க ஒரு தொட்டி வேற. அதுல பம்பு ஓயாம கடல் தண்ணியை ஏத்தி எறக்கிக்கிட்டே இருக்கு. பீளமேட்டுல இருவது வருசம் பம்ப்செட்டு உதிரிபாகம் கடைஞ்சவனுக்கு நாற்காலியை விட அந்தப் பம்பு மேலதான் கண்ணு போச்சு :-)

நல்ல படகுதான், குறை சொல்ல மாட்டேன். ரெண்டு கால் அகட்டி நிக்கறவனை எளிதா சாய்க்க முடியாதில்லீங்களா, அதே கணக்கு. பக்கவாட்டு ஆட்டம் குறைவு. எஞ்சின் ரெண்டும் தள்ளித் தள்ளி இருக்கறதால, ஒண்ணை முன்னாடியும் ஒண்ணைப் பின்னாடியும் ஓட்டினா நின்ன இடத்துலயே திரும்பிடும். எதிர் அலையில போனா மட்டும் நடுத்தளத்துக்கு அடியில தண்ணி பொளேர்னு அறையும்.

ஆனா மாப்ளை, இது நம்ம கட்டுமரம் இல்லீங்க. பேரு மட்டுந்தான் நம்முளுது. இங்கிலீஷ்காரன் வில்லியம் டாம்பியர் 1697ல வந்த தன்னோட பயண நூல்ல சோழமண்டலக் கரையில இந்தப் பேரைக் கேட்டதா எழுதியிருக்கான். அவன் சொன்னது ஒண்ணு ரெண்டு மரத்துண்டைத்தான். ரெட்டை உடல் படகு பாலினேசியத் தீவுக்காரங்க வித்தை. 1876ல ஹெரஷாஃப்ங்கற அமெரிக்கர் அந்த மாதிரி 'அமரில்லிஸ்'னு ஒண்ணு கட்டி, நியூயார்க் போட்டியில எல்லாரையும் பின்னாடி தள்ளினாரு. உடனே இது படகே இல்லைன்னு தடை போட்டுட்டாங்க!

தொண்ணூறுகள்ல ஒரு தடவை மெட்ராசுக்குப் போனப்ப, கடற்கரை மணல்ல செதுக்கின மரங்க தனித்தனியா கிடந்துச்சு. வெறகு காயுதுங்களான்னு பக்கத்துல வலை பின்னிட்டிருந்த பெரியவரைக் கேட்டேன். "வெறகு இல்ல சார், கட்டுமரம். அவுத்துக் காயப் போட்டுக்கீறேன், காலைல கட்டினு போவேன்"னு சிரிச்சாரு. அன்னிக்குத்தான் 'கட்டு'ங்கறதுக்கு அர்த்தமே எனக்கு உறைச்சுது. மரம் தண்ணி குடிச்சா கனத்துப் போகும், அதனால அவுத்துக் காய வெக்கணும். மேல ஏறுன அலைத்தண்ணி மரச் சந்து வழியா தானா எறங்கிடும், மொண்டு ஊத்த வேண்டாம். உள்ள தண்ணி ரொம்பி முழுகற பேச்சே இல்லை. துறைமுகம் இல்லாத கரையில அலையோட வந்து மணல்ல ஏறும். தண்ணி தானா வடியறதையும் ஆழமில்லாத எடத்துல போறதையும் அந்த வீடியோவுல பெருமையா சொல்றாங்க. நம்மாளு சத்தமில்லாம செஞ்சிட்டிருந்தாரு.

2004 சுனாமிக்கப்புறம் நிவாரணமா ஃபைபர் படகு நிறைய வந்துச்சு, கட்டுமரம் இன்னும் கொறைஞ்சுது. மீனவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாயில்லை. எஞ்சின் இருந்தா வெள்ளெனப் போய் வெள்ளென வரலாம், உசுருக்கும் ஒடம்புக்கும் நல்லது. என் கோவமெல்லாம் கரையில உக்காந்துக்கிட்டு "கேட்டமரான் தமிழன் தந்த சொல்"லுன்னு மார் தட்டறவங்க மேலதான். (நானும் தட்டியிருக்கேன், ஹிஹி.) சொல்லு அகராதியில பத்திரமா இருக்கும். எந்த மரத்தை எங்க வெக்கணும், கயித்தை எத்தனை சுத்து இறுக்கணும்ங்கறது அந்தப் பெரியவர் மாதிரி ஆளுங்க கையில இருக்கு. அவங்களுக்கு வயசாகுது.

விளையாட்டு மீன்பிடிப்பு நம்ம பக்கமும் இருந்ததுதான். 1946ல கபினியில 120 பவுண்டு மஹசீர் தூண்டில்ல சிக்கினது உலக சாதனை. அந்தத் திமில் மஹசீரு காவிரிப் படுகையை விட்டா உலகத்துல வேறெங்கயும் கிடையாது. அதுக்கு 'டோர் ரெமதேவி'ங்கற அறிவியல் பேரு சரிதான்னு முடிவானது 2018லதான். அந்தப் பேரு 2007ல பாம்பாத்து மீனுக்கு வெச்சது. பாம்பாறு எங்க வருதுன்னு நெனைக்கறீங்க? நம்ம அமராவதி அணைக்குத்தான்! பேரு தெரிஞ்சப்ப மீனு அழியற நிலைக்கு வந்திருந்துச்சு.

அதனால நாகப்பட்டினம், தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துப் பதிவருங்களா, ஒரு ஞாயித்துக்கெழமை கடற்கரைக்குப் போயி கட்டுமரம் கட்டத் தெரிஞ்ச பெரியவங்க யாராவது இருந்தா விசாரிங்க. ஒவ்வொரு மரத்துக்கும் என்ன பேரு, முடிச்சுக்கு என்ன பேருன்னு அவங்க வாய்ச்சொல்லுலயே எழுதிப் போடுங்க. ஃபோட்டோவும் போட்டா புண்ணியமாப் போகும்.

டிஸ்கி: மாப்ளை அடுத்த லீவுக்கு ஃப்ளோரிடா வரச் சொல்றாரு, அந்தப் படகுல ஏத்தறாராம். ஆழியார்ல பரிசல் ஆடுனாலே எனக்குத் தலை சுத்தும்.